நோயில்லாத செடியில் குச்சிகள்

வைரஸ் ஒரு செல்லுக்குள் வளர்வதை நான் பார்த்ததே இல்லை. அதைப் பற்றித்தான் பட்டம் வாங்கினேன், அதைத்தான் இன்றும் பாடம் எடுக்கிறேன், ஆனாலும் பார்த்ததில்லை. நான் வேலை செய்த எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உயிருள்ள எதையும் வைக்க முடியாது. இலையைச் சிறு துண்டாக நறுக்கி, மருந்தில் ஊறவைத்து, அதிலிருக்கும் நீரையெல்லாம் எடுத்து, பிசினில் இறுக்கி, கண்ணாடிக் கத்தியால் மெல்லிசாகச் சீவி, அதற்குப் பிறகுதான் உள்ளே அனுப்பலாம். ஆக, நான் பார்த்த செல்கள் எல்லாம் செத்த செல்கள். ஒன்று நோயின் தொடக்கத்தில் செத்தது, இன்னொன்று நடுவில், வேறொன்று முற்றிய பிறகு. அந்தப் படங்களை வரிசையாக அடுக்கி, “பாருங்கள், இப்படித்தான் வளர்கிறது” என்று நாங்கள் சொல்வோம். ஒரு வீட்டுக் குழந்தையின் படம், அடுத்த வீட்டு மணப்பெண்ணின் படம், எதிர்வீட்டில் சாவுக்கு எடுத்த படம், மூன்றையும் ஒட்டி ஒரே ஆளின் வாழ்க்கை என்று சொல்வதைப் போல. இதை நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். வீடு ஆஸ்டின் டவுனில். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து, ஓய்வு பெறுவதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். நானும் அம்மாவும் மட்டும்தான். காலையில் சிவாஜிநகர் போய் பஸ் மாறிக் கல்லூரிக்குப் போவேன்.

என் விஷயம் மிளகாய்ச் செடிக்கு வரும் ஒரு தேமல் நோய். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக விழும். அதைக் கொண்டுவரும் வைரஸ் நூல் போல் இருக்கும், வளையும். இலையில் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக அது செல்லுக்குள் போனதும் முதலில் மேலுறையைக் கழற்றிவிடும். அதன் பிறகு சில மணி நேரத்துக்கு அது இருந்த இடமே தெரியாது. அந்த நேரத்தில் சீவிய இலையைப் பார்த்தால் எல்லாம் நல்லபடியாக இருப்பது போலத்தான் தோன்றும். பிறகு செல்லின் சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் காற்றாடிகள் தெரிய ஆரம்பிக்கும். திருவிழாவில் காகிதத்தில் செய்து விற்பார்களே, அதே வடிவம். வைரஸ் சொல்லி, செடியே தன் கையால் செய்து வைப்பது. அப்புறம் அந்தக் காற்றாடிகள் செல்லின் நடுவிலும் தெரியும், சுற்றிலும் நூல் நூலாக வைரஸ் நிறையும். காற்றாடிகள் முதலில் முளைப்பது சுவரிலா, நடுவிலா? சுவரில்தான் என்று நான் சொன்னேன். அடுத்த செல்லுக்குப் போகும் நுண்ணிய வாசல் அந்தச் சுவரில்தான் இருக்கிறது, வாசலருகேதான் வேலை தொடங்குகிறது என்பது என் கட்சி. அதை நிரூபித்தால் பட்டம்.

நிரூபிக்க இரண்டு வகைச் செடிகள் வேண்டும். ஒன்றின் இலையில் நோய்ச்சாற்றைத் தேய்ப்போம். இன்னொன்றில் வெறும் கரைசலை அதே மாதிரி, அதே விரலால் தேய்ப்போம். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. அதில் எதுவும் இருந்தால் மற்றதில் பார்த்த எதையும் நம்ப முடியாது. இதை என் கைடு முதல் நாளே சொல்லிவிட்டார். கன்ட்ரோல் சுத்தமில்லை என்றால் தீசிஸ் இல்லை, அவ்வளவுதான்.

நுண்ணோக்கி எங்கள் கல்லூரியில் கிடையாது. வேறொரு நிறுவனத்தில் மத்தியான நேரம் ஒதுக்கித் தருவார்கள். அதை இயக்குபவர் கன்னடக்காரர், வாய் ஓயாமல் வெற்றிலை இல்லாத வெறும் பாக்கை மெல்பவர். முதல் குளிர்காலத்தில் என் கன்ட்ரோல் இலையின் செல்லைத் திரைக்குக் கொண்டுவந்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

“ஏனம்மா இது?” என்றார். என்ன இது என்று.

குச்சிகள். ஊதுவத்திப் பாக்கெட்டைப் பிரித்து வைத்ததைப் போல, ஒரே நீளத்தில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, அசையாமல் நின்றன. என் வைரஸ் வளையும். இவை வளையவில்லை. ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில், யாரும் கூப்பிடாமல் வந்து, அடுக்காக நின்றன.

கைடு படத்தைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிட்டார். புகையிலைத் தேமல் வைரஸ். காய்ந்த புகையிலையிலேயே வருஷக்கணக்கில் கிடக்கும். பீடி பிடிப்பவரின் விரலில் ஒட்டி வந்து, தொட்ட செடியில் ஏறிக்கொள்ளும். “யாரோ தொட்டிருக்காங்க” என்றார். யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. செடிகள் வளரும் கிளாஸ் ஹவுஸில் தண்ணீர் ஊற்றும் தோட்டக்காரர் பீடி பிடிப்பார். அவரைக் கூப்பிட்டு, பீடிக் கட்டை வெளியே வைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவி வரச் சொன்னார்கள். என் செடிகளின் பக்கமே போகாதே என்றார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

நான் திரும்பவும் செடி வளர்த்தேன், தேய்த்தேன், நறுக்கினேன், சீவினேன். இந்த முறை தண்ணீர்கூட நானே ஊற்றினேன். நுண்ணோக்கி அறைக்குப் போய் உட்கார்ந்தபோது அந்தக் கன்னடக்காரர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“மத்தே பந்த்வா?”

மறுபடியும் வந்துவிட்டதா என்று. வந்திருந்தது.

அந்த நாட்களில் நான் சரியாக இல்லை. ஜன்னல் கம்பிகளைப் பார்த்தால் குச்சி. விளக்குமாற்றைப் பார்த்தால் குச்சி. அடுக்கி வைத்த எதையும் பார்க்கப் பிடிக்காமல் போனது. என் சுபாவம் அப்பாவுடையது, எடுத்ததற்கெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் கொடுமையாக இருந்தது. எல்லாவற்றையும்விட, படம் கழுவும் இருட்டறையில் எனக்குப் பயமாக இருந்தது. சிவப்பு விளக்கில், மருந்துத் தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளில் முதலில் செல்லின் சுவர் ஒரு கோடாக எழும்பும். அப்புறம் மெதுவாக அந்தக் குச்சிகள். அவை எழும்பும்போது அந்த அறையில் அப்பாவின் வாசனை அடித்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. மூக்குப்பொடியும் கிரீஸும் கலந்த, அவருக்கே உரிய வாசனை, மூக்கருகில் அடித்தது. ஒருநாள் படத்தைப் பாதியில் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

வாசனைக்குக் காரணம் என் உடம்பிலேயே இருந்தது. நான் அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டிருந்தேன்.

அப்பா மூக்குப்பொடி போடுவார். குளிர்காலத்தில் நடைபாதையில் கடை விரிக்கும் திபெத்தியர்களிடம் வாங்கிய காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டர் அவருடையது. முன்பக்கம் பட்டன், இரண்டு பக்கமும் பை. வலது பையில் பொடி டப்பா இருக்கும். அவர் போனபோது, வழக்கப்படி, காரியம் முடிந்ததும் அவருடைய துணிமணிகளையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று அத்தை, அப்பாவின் அக்கா, பக்கத்திலேயே நின்று எடுத்துக் கொடுக்க வைத்தாள். போனவருடைய துணி வீட்டில் இருந்தால் அவருக்குப் போக மனசு வராதாம். “எல்லாம் குடுத்தாச்சா?” என்று கேட்டாள். “எல்லாம் குடுத்தாச்சு அண்ணி” என்றாள் அம்மா. அரிசி டின்னுக்குப் பின்னால் அந்த ஸ்வெட்டரைத் திணித்து வைத்திருந்தது எனக்கே தெரியாது. குளிர் வந்ததும் ஒருநாள் எடுத்து என்மேல் போட்டு, “இத போட்டுக்கினு போ. தொவைக்க மட்டும் தொவைக்காத” என்றாள். துவைத்தால் வாசனை போய்விடும். காலையில் நான் கிளம்புவதற்கு முன் பட்டன் போட்டுவிடுவது போல் வந்து, முகத்தை என் தோளருகே கொண்டுவந்து ஒரு மூச்சு இழுப்பாள். பார்க்காதது போல் நிற்பேன்.

மூக்குப்பொடியும் அரைத்த புகையிலைதானே, இத்தனை தெரிந்தும் எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று கேட்பீர்கள். செடியைத் தொடும் முன் நான் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுபவள். ஸ்வெட்டரின் கையை மேலே சுருட்டிவிட்டுத்தான் வேலையே. துணி இலையில் பட்டதில்லை.

ஏப்ரலில் செய்த கன்ட்ரோல் செடிகள் சுத்தமாக இருந்தன. ஒரு குச்சி இல்லை. ஜூனிலும் இல்லை. தோட்டக்காரரை விலக்கியதுதான் காரணம் என்று கைடு சந்தோஷப்பட்டார். கார்த்திகை மாதக் குளிர் ஆரம்பித்ததும் குச்சிகள் திரும்ப வந்தன. கண்ணாடி வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு என்ன பருவம், என்ன காலம் என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு தடவை இப்படி வந்தால் வேறு தலைப்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். வேறு தலைப்பு என்றால் திரும்ப முதலிலிருந்து. அதற்கு உதவித்தொகை கிடையாது. வேலைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு காலையில் கிளாஸ் ஹவுஸ் வாசலிலிருந்த குழாயில் கை கழுவினேன். டிசம்பர் தண்ணீர், விரல்கள் விறைத்துப்போயின. விறைத்த விரலால் இலையைத் தேய்த்தால் இலை கிழியும். அதனால் எப்போதும் செய்வதைச் செய்தேன். ஈரத்தைத் துடைத்துவிட்டு, சூடேற்றிக்கொள்வதற்காக இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். வலது கை விரல் பையின் அடித்தையலில் நெருடியது. ஏதோ மண் மாதிரி. வெளியே எடுத்துப் பார்த்தால் நகத்துக்கடியில் பழுப்பாகத் தூள். என்னவென்று முகர்ந்தேன்.

தும்மல் வந்தது. ஒன்று இல்லை, அடுக்கடுக்காக. அப்பா தும்முவது போலவே, கடைசியில் ஒரு “ஹாய்” சேர்த்து. கண்ணில் நீர் வழிய அங்கேயே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு தடவையும் சுத்தமாகக் கை கழுவி, கழுவிய கையை அப்பாவின் பைக்குள் விட்டு, அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய் நோயில்லாத செடியில் தேய்த்திருக்கிறேன். நானேதான்.

கைடிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பைத்தூளைச் சிட்டிகை எடுத்து நீரில் கலக்கி, ஒரு வகைப் புகையிலைச் செடியில் தேய்த்துப் பார்த்தோம். அந்தச் செடிக்கு ஒரு குணம். இந்த வைரஸ் எங்கே நுழைகிறதோ அங்கேயே அந்த இடத்தைக் கருக்கிக்கொண்டு மேலே போகவிடாமல் நிறுத்திவிடும். நுழைந்த இடமெல்லாம் புள்ளி. மூன்றாம் நாள் இலை முழுக்கப் புள்ளிகள் விழுந்திருந்தன. கைடு சிரித்தார், எனக்குக் கைகொடுத்தார். குளிர்காலப் படங்களையெல்லாம் தூக்கிப்போடு, வெயில்காலத்துப் படங்கள் நிற்கும், தீசிஸ் பிழைத்தது என்றார். தோட்டக்காரரை அவரே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்த ஸ்வெட்டரைக் கொளுத்திடு. கொளுத்தினேன்னு எங்கிட்ட சொன்னதுக்கு அப்புறம்தான் கிளாஸ் ஹவுஸ் சாவி” என்றார்.

அன்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். ஒரு படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னாடி இது, ஈர்க்குச்சியா?”

“அப்பாவோட பொடியில இருந்தது. பையில ஒட்டிக்கினு இருந்திருக்கு. என் கை வழியா செடிக்குள்ள பூந்துச்சு.”

அவள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அவரு போயி இவ்ளோ நாளாவுது. இது இன்னும் உசுரோட இருக்குதா?”

“உசுருன்னு சொல்ல முடியாதும்மா. செத்ததுன்னும் சொல்ல முடியாது. சும்மா கெடக்கும். செடிக்குள்ள போனா எழுந்துக்கும்.”

“அந்தப் பையில இருந்ததுதானா இங்க நிக்கிறது?”

“இல்ல. அது உள்ள போனதும் சட்டையக் கழட்டிட்டுக் காணாம பூடும். அதப் பாத்து செடியே புதுசா செய்யிறதுதான் இதெல்லாம். அச்சு அசல் அதே மாதிரி.”

“அப்போ உன்ன மாதிரின்னு சொல்லு” என்றாள்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். அப்பா செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

திரும்பி வந்தபோது அவள் என் வேலையைப் பற்றிக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எப்படித் தேய்ப்பீர்கள், எந்த இலையில், எவ்வளவு அழுத்தி. எனக்கு மனசு இளகிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். இளம் இலையாக இருக்க வேண்டும், நறநறவென்று நைசாக ஒரு தூளை முதலில் தூவ வேண்டும், அது இலையைக் கண்ணுக்குத் தெரியாமல் கீறும், பிறகு பூப்போலத் தேய்த்துத் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஸ்வெட்டரைக் கொளுத்தச் சொல்கிறார்கள் என்று கடைசியில் சொன்னேன்.

“கொளுத்த வாணாம். நான் பாத்துக்கிறேன். உன் படிப்பு கெடாது, நீ போ” என்றாள்.

மறுநாள் நான் வீடு திரும்பியபோது ஸ்வெட்டர் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெந்நீர் அண்டாவில் வாஷிங் சோடா போட்டுக் காலையிலிருந்து கொதிக்கவைத்துக் கிளறியிருக்கிறாள். கம்பளி அப்படியே சுருங்கி, தடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஆகிற அளவுக்கு வந்திருந்தது. கிட்டே போய் முகர்ந்தேன். சோடா வாசனை மட்டும்தான். அம்மா அன்று சாப்பிடவில்லை. கைடிடம் கொளுத்திவிட்டேன் என்று சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பின் அம்மாவிடம் ஒரு மாற்றம் வந்தது. எதற்கெடுத்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். என் டிபன் பாக்ஸைத் தொடும் முன் கழுவினாள். என் துணிகளைத் தனிக் கொடியில் காயப்போட்டாள். துக்கத்தில் மனுஷிக்கு மடி ஆசாரம் முற்றிவிட்டது என்று நினைத்து, “போதும்மா, தோல் உரிஞ்சிடப் போவுது” என்று கேலிகூடச் செய்தேன்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே பெயிண்ட் டப்பாக்களில் அம்மா ஏதேதோ வளர்ப்பாள், நான் ஏறிப் பார்ப்பதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மற்றவற்றிலிருந்து தள்ளி, ஒரு மிளகாய்ச் செடி நின்றது. இலையெல்லாம் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுகள். கொழுந்து சுருண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். அடியிலிருந்த பழைய இலைகளின் நரம்போரத்தில் வெள்ளையாக நைசான தூள் படிந்திருந்தது. விரலில் தேய்த்தேன். கோலப்பொடி.

ஸ்வெட்டரைக் கொதிக்கப்போடும் முன் அந்தப் பையின் தூளை எடுத்து, நான் சொன்னது சொன்னபடி, என் அம்மா தேய்த்திருக்கிறாள். நோய்ச்செடியைப் பார்த்தால் பிடுங்கிக் கொளுத்து என்பது எனக்குப் படிந்துபோன பாடம். கை தானாகத் தண்டைப் பிடித்துவிட்டது.

“அத உட்டுடு” என்றாள் அம்மா. படியருகே நின்றிருந்தாள். கெஞ்சவில்லை, அதட்டவுமில்லை. “உன் துணி மேல படாம பாத்துக்கினுதான் இருக்கேன். கைய கழுவாம உன் சாமான் எதுவும் தொடல. நீ எங்க வேணா போயி சோதிச்சுக்கோ. உன் செடியில ஒண்ணும் வராது. இத மட்டும் உடு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது அப்பா இல்லை, இது ஒரு நோய், பக்கத்து மாடித் தக்காளிக்கெல்லாம் பரவும் என்று கத்தினேன். அவள் நான் கத்தி முடிக்கும்வரை நின்றாள். நான் தண்டை விட்டுவிட்டேன். கீழே வந்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அந்தக் குளிர்காலத்தில் என் கன்ட்ரோல் செடிகள் சுத்தமாக இருந்தன. அடுத்த வருஷமும் இருந்தன. பட்டம் கிடைத்தது. காற்றாடிகள் சுவரில்தான் தொடங்குகின்றன என்று நான் அடுக்கிய வரிசையை ஏற்றுக்கொண்டார்கள்.

மிளகாய்ச் செடிக்கு ஆயுள் எவ்வளவு? ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. அது வாடத் தொடங்கும்போது பக்கத்தில் ஒரு புது நாற்று வந்துவிடும். கொஞ்ச நாளில் அதிலும் திட்டுகள் விழும். அம்மா எப்போது தேய்க்கிறாள் என்று நான் பார்த்ததில்லை. என்னிடம் சொன்னதுமில்லை. ஒரே ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு போனால் போதும், நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். ஒருதடவைகூட எடுத்துப் போகவில்லை. உள்ளே குச்சிகள் நிற்கின்றனவா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நிற்காமல் போனால் என்ன செய்வது என்பதுதான் அதைவிடப் பெரிய பயம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து அம்மாவும் போனாள். காரியம் முடிந்த அன்று, அத்தை, தள்ளாத வயதிலும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பீரோவிலிருந்து அம்மாவின் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வைத்தாள். அடித்தட்டில், பழைய துண்டில் சுற்றி, அந்தச் சுருங்கிய ஸ்வெட்டர் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டேன். அதில் ஒன்றும் இல்லை.

பிறகு மாடிக்குப் போனேன். அம்மா படுத்த நாளிலிருந்து யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. தொட்டிக்குப் பின்னால் செடி முக்கால்வாசி காய்ந்துபோய், உச்சியில் மட்டும் திட்டு விழுந்த நாலு இலைகளோடு நின்றது. அதன் பக்கத்து டப்பாவில் ஒரு நாற்று. அது ஒரே பச்சையாக இருந்தது. அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. டப்பாக்களுக்கு நடுவே, மூடி போட்ட கோலப்பொடிக் கிண்ணம்.

திட்டு விழுந்த இலையொன்றைக் கிள்ளிக் கசக்கினேன். நாற்றின் இளம் இலையில் கோலப்பொடி தூவி, உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, அந்தச் சாற்றைப் பூப்போலத்தான் தேய்த்தேன். தண்ணீர் தெளித்தேன். இனிச் சில நாட்களுக்கு எதுவும் தெரியாது.

கீழே வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது அத்தை கூடத்திலிருந்து கேட்டாள்.

“எல்லாம் குடுத்தாச்சாம்மா?”

“எல்லாம் குடுத்தாச்சு அத்தை” என்றேன்.